பன்னிரண்டாம் அத்தியாயம்

சந்திரமோகனைக் கொன்றுவிட்டேன்.
ஏற்காட்டுப் பாதை, பதினோராவது கொண்டை ஊசி வளைவு,
மூடுபனி, ஒரு லாரி. அவ்வளவுதான்.

மறுநாள் மாலை அம்மாபேட்டை தட்டுவடைக் கடையில்
என்னை யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை.

“அந்த வளைவுல லாரி தாராளமாத் திரும்பும்,
அங்க எவனும் சாக மாட்டான்” என்றார் பரமானந்தம்,
இருபது வருடம் அந்தத் தடத்தில் பஸ் ஓட்டியவர்.
குல்நாஸ் பீட்ரூட் துருவலை ஒதுக்கியபடி,
“அழுதேன்தான். அதுக்காக நல்லாருக்குன்னு அர்த்தமில்ல.”
ரெஜினா ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் காட்டினாள்.
அவள் பிரியமெல்லாம்
வல்லினம் மிகும் இடங்களில்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது:
மல்கோவா விலை, நாகலூரில் காப்பி பூத்தது,
குல்நாஸ் வீட்டு மோட்டார் மறுபடி எரிந்தது.
என் தட்டில் யாரோ இன்னொரு செட் வைத்தார்கள்,
“கொலைகாரிக்கும் பசிக்கும்ல.”

கிளம்பும் நேரம்,
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை அங்கப்பன்,
பிரதியை வாங்கிப்போய் மடிப்புக் கலையாமல் திருப்பித் தருகிறவர்,
இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை,
வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டார்:
“மூணாம் அத்தியாயத்துல அவன் ஒரு நாய் வளர்த்தானே,
அதுக்கு இப்ப யாருங்க சோறு வைக்கிறா?”

நான் அந்த நாயை மறந்தே போயிருந்தேன்.

இரவு மணி இரண்டு.
ஜன்னலில் சேர்வராயன் மலைமேல் நாலைந்து விளக்கு.
செத்தவன் செத்தவன்தான், பரமானந்தம் அண்ணே, மன்னிக்கணும்.
ஆனால் பூட்டிய வீட்டு வாசலில்
காலித் தட்டை நக்கி நக்கி
நகர்த்திக்கொண்டே போகும் சத்தம்.
அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஒற்றெல்லாம் ரெஜினா பார்த்துக்கொள்வாள்.