தலை தட்டிய கோப்பை

தார்த்து நகரில் ஜனவரி.
காலை ஒன்பதாகியும் விளக்கை அணைக்கவில்லை.
எஸ்தோனியப் பதிப்பகமொன்றின் பின்கட்டுச் சமையலறையில்
கோப்பைகளைக் கிராமாக்குவது என் வேலை.

மெய்ன் மாநிலத்து வின்னிஃப்ரெட் தோர்ன் எழுதிய
நூற்றுப் பன்னிரண்டு பண்டங்கள்
எங்கள் மொழிக்கு வந்துவிட்டன.
அளவுகள் மட்டும்
கடலுக்கு அந்தப் பக்கமே நிற்கின்றன.

ஒரு கோப்பை மாவு என்கிறார்.
கரண்டியால் தூவி, கத்தியால் தலை தட்டினால்
நூற்றிருபது.
கோப்பையையே பைக்குள் விட்டு முகந்தால்
நூற்று நாற்பத்தைந்து.
சலித்துவிட்டு அளந்தால் நூற்றுப் பத்து.
மாவு அதே மாவுதான்,
இடையில் புகுந்த காற்றை
யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"நறுக்கிய அக்ரூட் ஒரு கோப்பை."
"அக்ரூட் ஒரு கோப்பை, நறுக்கியது."
அந்தக் காற்புள்ளி பதினைந்து கிராம்.

பழுப்புச் சர்க்கரையை அமுக்கி அளக்கச் சொல்கிறார்,
யாருடைய கட்டைவிரலால்?

எல்லாம் எழுதி முடித்து
நாற்பத்தோராம் பக்கத்து கேக்கைச் சுட்டேன்.
ஆம்லெட் வாசம்.
மறுபடி சுட்டேன். ரப்பர்.
மூன்றாவதை மொழிபெயர்ப்பாளர் கெர்ஸ்தி
ஒரு விள்ளல் தின்றுவிட்டு
வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இரவில் உறைத்தது:
மாவும் சர்க்கரையும் பாலும்
ஒரே கோப்பைக்குள் போய் வந்தவை,
கோப்பை எதுவானாலும் தங்களுக்குள் ஒத்துப்போகும்.
முட்டை கோப்பைக்குள் இறங்காதது.
மூன்று என்றால் மூன்று.
அதுதான் காட்டிக்கொடுத்தது.

"அம்மா, உங்கள் கோப்பை எது?"
"எது என்றால்? கொக்கியில் தொங்குவது.
டயர் கடையில் இனாமாகக் கொடுத்தார்கள்."
"வீட்டில் தராசு?"
"மீன் தராசு இருந்தது. படகோடு விற்றாயிற்று."

மறுநாள் பனியில் நடந்து
தபால் நிலையத்துக்குப் போயிருக்கிறார்.
வெறும் குவளை பன்னிரண்டு அவுன்ஸ்.
விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, இருபத்திரண்டரை.
வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்களாம்.
தபால்காரர் டெல்பர்ட்
எந்த ஊருக்கு என்று கேட்டாராம்.

கழித்தேன், பெருக்கினேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு மில்லிலிட்டர்.
அந்த இரண்டு சொட்டு
மேசையில் சிந்தியிருக்கும்;
முந்நூறு என்று வைத்துக்கொண்டேன்.
ஊரறிந்த கோப்பையோ இருநூற்று முப்பத்தேழுதான்.

நூற்றுப் பன்னிரண்டையும் திரும்பப் போட்டேன்.
நாற்பத்தோராம் பக்கம் பொன்னிறமாக எழுந்தது,
கெர்ஸ்தி இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினார்.
சிட்டிகையை மட்டும் சிட்டிகையாகவே விட்டேன்:
என்னுடையது அரை கிராமுக்கும் கீழே,
கெர்ஸ்தியுடையது அதைப்போல் இரண்டு.

செய்தி சொல்லக் கூப்பிட்டேன்.
மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.
"கால் பங்கு கூடுதலா?"
"ஆமாம், அதற்கும் கொஞ்சம் மேலே."
"நாளைக்கு இரண்டு கோப்பை காபிதான் என்று
டாக்டரிடம் பதினெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன்.
அதே குவளை.
இதைப் புத்தகத்தில் போட்டுவிடாதே."