இரண்டு ஓபி சீட்டு

செவ்வாய்க்கிழமை நெஞ்சுநோய்.
வெள்ளிக்கிழமை இதயம்.
ஒரே பெரியாஸ்பத்திரி, இரண்டு கட்டிடம்,
நடுவில் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி சிமெண்ட் மேடை.
இதிலிருந்து அதற்கு நூற்றெண்பத்தாறு அடி.
எண்ணியிருக்கிறேன்,
மேடையில் உட்கார்ந்த நேரத்தைச் சேர்க்காமல்.

"பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டாம்மா?"
செவ்வாய்க்கிழமைக்காரர் கேட்டார்.
விறகுப் பழக்கம் உண்டு என்றேன்.
எழுதவில்லை. அந்தத் தாளில் விறகுக்குக் கட்டம் இல்லை.
இருபத்தெட்டு வருஷம் காசிமேட்டில்
ஏலக்கூடத்துக்குப் பின்சந்தில்
சவுக்குக்கட்டை நனைந்து வந்த மழைமாதங்களில்
ஊதுகுழலை வாயில் வைத்து
நெத்திலிக்கும் சங்கராவுக்கும் ஊதிய மூச்சில்
எதுவும் திரும்பி வரவில்லை.
புகை மட்டும் வந்தது.

நீல பம்ப்பை இழுத்தால் மூச்சு இறங்குகிறது,
கூடவே நெஞ்சு
கிளம்பிவிட்ட மிண்ட் பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி
ஓடத் தொடங்குகிறது.
ஓட்டத்தை அடக்க வெள்ளிக்கிழமைக்காரர்
அரை மாத்திரை கொடுத்தார். சின்னது, வெள்ளை.
மூன்றாம் நாள் தொண்டைக்குள் விசில்.
அவர் சீட்டை இவரிடம் காட்டினேன்.
"யார் இதை எழுதினது?"
இவர் பம்ப்பை அவரிடம் காட்டினேன்.
"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கிறீங்க?"
குழாயடிச் சண்டை.
நனைவது என் சேலை.

எக்கோ அறையில் குளிர்.
பசை தடவி விலாவில் அழுத்திய பையன் கிரெகோரி
(பெயர் சட்டையில் தைத்திருந்தது)
நான் கேட்காமலேயே திரையைத் திருப்பினான்.
பார்த்ததும் தெரிந்துவிட்டது.
கூடையில், ஐஸுக்கு மேலே,
கடைசியாகத் திறந்து மூடும் செவுள்.
அந்த அசைவு எனக்குப் பழக்கம்.
அப்போதெல்லாம் நான்
விலை சொல்லிக்கொண்டிருப்பேன்.

"நுரையீரல்ல ரத்தக்குழாய் இறுகிப்போச்சும்மா.
அதுக்குள்ள தள்ளித் தள்ளி வலதுபக்கம் பெருத்துப்போச்சு."
உழைக்கிற பக்கம் பெருக்கத்தானே செய்யும்,
இதைப் பார் என்று
வாணலி தூக்கிய வலது புஜத்தைக் காட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.
"இது பெருத்தா பலம் இல்லம்மா."

ராத்திரி இரண்டரைக்கு என்னை எழுப்புவது யார்,
இன்னும் பிடிபடவில்லை.
நெஞ்சில் தண்ணீர் ஏறியதா,
பழைய புகை வெளியே போக மறுத்ததா.
மூன்று தலையணையும் போதாமல்
காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து
கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்துவேன்.
குழி விழும். மெல்ல மெல்ல நிரம்பும்.
பதினெட்டு எண்ணியும் நிரம்பவில்லை என்றால்
நேற்றுக் கருவாடு தின்றது உண்மை.
உப்பைக் குறை என்கிறார்கள்.
ஜன்னல் கம்பியை நக்கினாலே கரிக்கும் வீடு இது.

போகியன்று விடியுமுன்னே
தெருப் பிள்ளைகள் டயர் கொளுத்தினார்கள்.
கதவிடுக்கில் ஈரத்துணி செருகினான் என் மகன் செல்வின்.
என் உதடு நீலமாகியதாம்.
உதட்டை நானா பார்க்கிறேன்.
ஆட்டோவில் முன்னே குனிந்தபடி
முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனேன்.
வழியெல்லாம் மோளம்.

அன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை.
அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண்,
தூங்காத கண்,
இரண்டு கட்டுச் சீட்டையும் என் வயிற்றின் மேலேயே விரித்து
அதை ஒரு தாள், இதை ஒரு தாள் என்று படித்தாள்.
என் வயிறு ஏறி இறங்க
தாள்களும் ஏறி இறங்கின.
ஒன்றும் சொல்லவில்லை.
நர்ஸிடம் ஸ்டேப்ளர் வாங்கி
இரண்டையும் சேர்த்து அடித்தாள்.
முதல் பின் வளைந்துவிட்டது.
இன்னொன்று அடித்தாள்.

தலைமாட்டில் புட்டியில் ஆக்ஸிஜன் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது.
எந்தக் கிழமை வரவேண்டும் என்று கேட்க நினைத்தேன்.
வாயில் மாஸ்க்.