விலாசம் இல்லாத நிரல்

ஸ்ரான்லி வீதியில் மாடிக் கந்தோர்.
காத்தாடி மூன்றில் மட்டும்தான் சுற்றும்.
லீக் காரர் கேட்டது ஒரே ஒரு பக்கம்:
ஐந்து கழகம், இணையத் திருட்டில் யார் முதலில் விழுவார்,
சிவப்பு, மஞ்சள், பச்சை.
திங்களுக்கு முன்.

நான் பந்தை உதைத்ததில்லை.
ஓஃப்சைட் என்றால் என்னவென்று
மூன்று பேர் விளங்கப்படுத்தியும் விளங்கவில்லை.
எனக்குத் தெரிந்தது கதவுகள்:
எது பூட்டியிருக்கிறது,
எது பூட்டியது போலச் சாத்தியிருக்கிறது.

சூத்திரம் எளிது.
நடக்கும் வாய்ப்பை, நடந்தால் வரும் நட்டத்தால் பெருக்கு.
ஒன்று முதல் ஐந்து வரை.
இருபத்தைந்து வந்தால் எழும்பி ஓடு.

பண்ணை அலைகளின் கடவுச்சொல்
கோல் காப்பாளனின் பெயரும் முதுகு இலக்கமும்.
அவன் போன பருவமே நீர்கொழும்புக்கு மாறிவிட்டான்.
சொல் மட்டும் இன்னும் கம்பத்தடியில் நிற்கிறது
இரண்டு கையையும் விரித்தபடி,
பந்து வரும் பக்கம் தெரியாமல்.

செம்மண் யுனைரெட் பணக்காரர்.
ரொறன்ரோ காசில் வாங்கிய தீச்சுவர்
கண்ணாடி அலுமாரிக்குள் பச்சை விளக்குச் சிமிட்டும்.
அதற்கு முன்னால் இருந்துதான்
பொருளாளர் பேரின்பம்
சப்பாத்துக் கடைக்காரன் எழுதியதாய் வந்த கடிதத்தைத் திறந்தார்.
"வங்கிக் கணக்கு மாறியிருக்கு, ஐயா."
முகவரியில் ஓர் எழுத்து இருந்த இடத்தில் ஓர் இலக்கம்.
பதினொரு லட்சம்.
சொல்லி முடிப்பதற்குள் மேசையில் கிடந்த கடதாசிக் கவ்வியை
நேரான கம்பியாக்கிவிட்டார்.
பெடியள் பழைய சப்பாத்தோடு இரண்டு ஆட்டம் ஆடினார்கள்.
இரண்டும் வெற்றி.
அது என் கணக்கில் வராது.

கோட்டை லெவன், முன்கள வீரன் றெக்சனின்
முழங்கால் ஸ்கானை
இணைப்புத் தெரிந்த எவரும் பார்க்கலாம் என்று வைத்திருந்தது.
அரையிறுதியில் எதிரணிக்காரன்
முதல் நிமிடமே இடது காலுக்கு வந்தான்.
தற்செயலாகவும் இருக்கலாம்.
விரிதாளில் தற்செயலுக்கு நிரல் இல்லை.

நாலாவது கழகம் என்னை வாசலிலேயே மறித்தது.
"ஆர் நீங்கள்? கடிதம் எங்கை?"
காட்டினேன். கடிதத்தையும் நம்பவில்லை.
லீக்குக்கு அழைத்துப் பார்த்தார்கள், அங்கே எடுக்கவில்லை.
வெயிலில் நின்றபடியே
அவர்களுக்கு ஐந்து புள்ளி கூட்டினேன்.

கடைசியாகக் குருநகர். வலைஞர் கழகம்.
ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மடிகணினி,
விசைப்பலகையில் உப்பு.
முகாமையாளர் எமில்டா பட்டியலைத் திறந்தார்:
இருபத்தாறு பேர், இரத்த வகை, மேலங்கி அளவு.
விலாசம் என்றொரு நிரல்.
கீழே ஒன்றுமில்லை.

"மறந்துபோனீங்களோ?"
"இல்லை.
ஆரை எந்த ஒழுங்கையிலை இறக்கிவிடோணும் எண்டு
எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியத் தேவையில்லை."
பந்தொன்றைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்
காற்றடித்தபடி சொன்னார்:
"எங்கட வீட்டு விலாசம் ஒருக்கா
ஒரு பட்டியலிலை இருந்தது."
பம்பி இன்னும் நாலு தரம் மூச்சு வாங்கியது.

இந்த ஊரில் அந்த வசனத்துக்கு
அடுத்த வசனத்தை ஒருவரும் கேட்பதில்லை.

கைநூலில் இதற்குப் பெயர் உண்டு:
தேவையானதை மட்டும் சேமித்தல், சிறந்த நடைமுறை.
பச்சை போட்டேன்.
அழித்தேன்.
பரிசு கொடுப்பது போலிருந்தது.
அந்தக் கட்டம் இப்போதும் வெள்ளை.

ஞாயிறு இரவு அறிக்கை முடிந்தது.
ஐந்து வீட்டின் ஓட்டைகளும்
ஒரே கோப்பில், வரிசையாய், நிறம் தீட்டி.
அப்போதுதான் கண்டேன்
நானும் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறேன்.

பூட்டினேன்.
திறக்கும் சொல்லை எழுத்தில் அனுப்பாமல்
லீக் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
சுன்னாகம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்.
"கேக்குதில்லை பிள்ளை, ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லும்."
நான் சொல்லச் சொல்ல
முழு பஸ்ஸுக்கும் விளங்க
உரத்துத் திருப்பிச் சொன்னார்.