கைராசி

நான் துடைக்கிறவள்.
லக்ஸம்பர்க்கில் ஒரு பதினோரு மாடி வங்கி.
பகலெல்லாம் கண்ணாடிக் கதவுகளில் பதிந்த கைகளை
இரவு ஏழு மணிக்கு மேல்
ஒவ்வொன்றாக அழிப்பது என் வேலை.

ஏழாவது மாடியில் இருந்தபோது படம் வந்தது.
அபீலியோவின் முதுகு.
அதில் ஒரு கை.

சிவந்து தடித்து, ஓரமெல்லாம் நீர்க்கொப்புளம் கட்டி,
வலது தோள்பட்டையில் ஐந்து விரல்,
கட்டைவிரல் முதுகெலும்பைப் பார்த்தபடி.
சுண்டுவிரல் மட்டும் கோணல்.
மத்தி டப்பா மூடும் இயந்திரம்
பத்தொன்பது வயதில் எனக்குக் கோணியது.

உப்பளத்தில் எல்லோரும் சிரித்தார்களாம்.
"உம்பெலினா போகும்போது அறைந்துவிட்டா போனாள்?" என்றானாம் கஸிமிரோ.
நான் அறையவில்லை.
எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் முழுக்க அவனுக்குத் தோள்வலி.
உப்பு வாரும் பலகையின் பிடி
அவனைவிட ஒரு முழம் உயரம்.
மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கிற ஜெல்,
குழாயை அமுக்கினால் பிதுங்கும்,
கண்ணாடி மாதிரி, கற்பூர வாசனை மாதிரி.
இரவில் நான்தான் தேய்த்தேன்.
"உன் கைராசிதான்" என்றான்,
வலி குறைந்த மூன்றாம் நாள்.

கடைசி இரவு நாங்கள் பேசவில்லை.
பெட்டி கட்டியிருந்தது.
வீட்டுக்கடன் தாள் மேஜைமேல் இருந்தது.
தேய்த்து முடித்த பிறகும்
கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
ஜெல் காய்ந்து கை ஒட்டிக்கொண்டது,
எடுத்தபோது சின்னதாக ஒரு சத்தம்.

அப்புறம் பேருந்து. இரண்டு எல்லை.

பன்னிரண்டு நாள் மழை, அவெய்ரோவில்.
பதின்மூன்றாம் நாள் வெயில் வந்தது,
அவன் சட்டையைக் கழற்றினான்.

டாக்டர் ரெபெலோ சின்னப் பெண்ணாம்.
முதுகைப் பார்த்தவள் கேட்ட முதல் கேள்வி
என்ன சாப்பிட்டாய் என்பதல்ல,
யாருடைய கை என்பது.
மருந்து தோலுக்குள் பதுங்கியிருக்குமாம்,
சில சமயம் வாரக்கணக்கில்.
இருட்டில் அது ஒன்றும் செய்யாது.
வெயில் தொட்டால்தான் விஷம்.
பிறகு இரண்டு வரிசையாகச் சோதனைப் பட்டை ஒட்டி
ஒரு வரிசைக்கு மட்டும் விளக்கு காட்டினாளாம்.
விளக்குப் பட்ட வரிசையில்
ஒரே ஒரு கட்டம் எரிந்தது.
கீட்டோபுரோஃபென்.
அந்தப் பெயரை எனக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னான்,
என்னைப் பிடித்துக் கொடுத்தவன் போல.

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை. வெறும் வினிகர் வாடை.
நான் வெயில் பார்த்தே
எத்தனையோ நாளாகிறது.

இப்போது அவன் நீளக்கைச் சட்டையில் உப்பு வாருகிறான்,
கழுத்துவரை பொத்தான் போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.
தலையணை உறை, பழைய பனியன்,
அந்தக் குழாய் தொட்ட எதுவும் வேண்டாமாம்.
ஆற்றுவதற்கு ஒரு களிம்பு கொடுத்திருக்கிறாள்.
அதை முதலில் முழங்கையில் ஒரு பொட்டு வைத்து
இரண்டு நாள் காத்திருந்தானாம்,
பால் சுட்ட பூனை.

"யார் தடவிவிடுகிறார்கள்?" என்று கேட்டேன்.
"எட்டுகிறவரை நான்."
"எட்டாத இடம்?"
கடல்காற்று ஃபோனில் இரைந்தது.
கடன் தவணை பற்றிக் கேட்டான். சொன்னேன்.

நேற்று இன்னொரு படம் அனுப்பினான்.
கொப்புளம் வற்றி, தோல் உரிந்து,
சிவப்பு பழுப்பாகியிருக்கிறது.
கட்டைவிரல் போய்விட்டது.
மோதிரவிரல் பாதி.
அந்தக் கோணல் சுண்டுவிரல் மட்டும்
இன்னும் அங்கே பிடிவாதமாக.

சீக்கிரம் ஆறட்டும் என்று எழுதினேன்.
எழுதியது முழு உண்மையில்லை.

பதினோராவது மாடியில்
யாரோ ஒருத்தர் நெற்றியைச் சாய்த்து நின்றிருக்கிறார்,
கண்ணாடியில் எண்ணெய்த் தடம்,
பக்கத்தில் ஒரு கை, விரித்தபடி.

அதை விட்டுவிட்டு
அடுத்த கதவைத் துடைத்தேன்.