தொடாதே

இரண்டு டெராபைட். அவ்வளவுதான் தந்தார்கள்,
கொன்செப்சியோனில் நிலம் நடுங்கும் ஒவ்வொரு தடவையையும்
எழுதிவைக்கும் சர்வருக்கு.
பழைய தபால் நிலையத்தின் பின்கட்டு.
மழை ஒழுகாத ஒரே அறை.

காகிதத்தில் கட்டம் போட்டேன்.
தரவுக்கு இவ்வளவு,
இன்டெக்ஸுக்கு இவ்வளவு
(கேட்டதைவிட எப்போதும் ஒரு கவளம் கூடத் தின்னும்).
தற்காலிகக் கோப்புகளுக்குத் தனிச் சுவர்:
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கூட்டம் அது.
நடந்ததை நடந்த வரிசையில் குறித்துக்கொள்ளும் லாகுக்கு
வேறு வட்டு.
அந்த வட்டின் மூலையில்
நாற்பது கிகாபைட்டுக்கு ஒரு கோப்பு.
திறந்தால் சுழியம், சுழியம், மேலும் சுழியம்.
பெயர்: தொடாதே.

எலியோதோரோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"இது என்ன செய்கிறது, ஒரியானா?"
சும்மா இருக்கிறது.
"சும்மா இருக்க இவ்வளவு இடமா?"
சும்மா இருப்பதற்குத்தான் நாம் இடம் ஒதுக்க வேண்டும்.
வேலை செய்பவை தாமே பிடித்துக்கொள்ளும்.

அவர் கணக்குப் போட்டார்.
மாதம் சராசரி இருபது கிகாபைட்,
எட்டு வருடம் தாங்கும், அழித்துவிடு என்றார்.
நிலம் சராசரியாக நடுங்குவதில்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சரி என்றேன்.
மறந்துபோனேன், வேண்டுமென்றே.

ஆகஸ்ட். விடியற்காலை மூன்று பன்னிரண்டு.
முதலில் அலமாரிக் கதவு திறந்தது,
பிறகுதான் நாய்கள்.
பெரிய அதிர்வில்லை: சில புகைபோக்கிகள்,
மூலைக்கடையில் ஒரு தட்டு ஒயின்.
ஆனால் அது போகவில்லை.
பின்னதிர்வுக்குப் பின் அதிர்வு.
ஒவ்வொரு நிலையமும் ஒரே நேரத்தில் பேசியது.

வீட்டுச் செருப்போடு ஓடி வந்தேன்.
காவலர் செனோபியோ டார்ச் பிடித்தார்.
சான்டியாகோவுக்குப் போகும் இணைப்பு அறுந்துவிட்டது;
நகல் அங்கே போய்ச் சேராமல்
லாகில் ஒரு வரியும் அழியாது.
எண்பத்தெட்டு சதம்.
தொண்ணூற்று நான்கு.
தொலைபேசியில் தால்காவானோவிலிருந்து ஒரு குரல்,
"குழந்தைகளைத் திரும்பப் படுக்கவைக்கலாமா?"
பொறுங்கள் என்றேன். எனக்கும் தெரியாது.

தொண்ணூற்றொன்பதில்
சுழியங்களை அனுப்பிவைத்தேன்.
ஒரு கட்டளை, ஒரு விசை.
எழுபத்தொன்பதுக்கு இறங்கியது எண்.
மூச்சு விட்டது இயந்திரமா, செனோபியோவா
என்று இன்னும் தெரியவில்லை.
கடைசி வரிசையைப் பார்த்தேன்: இரண்டு புள்ளி ஒன்று.
அதற்கு முன் இரண்டு புள்ளி நான்கு.
"கோட்டோடு படுக்கவையுங்கள்" என்றேன்.

எட்டு மணிக்கு இணைப்பு வந்தது.
ரொட்டியோடு எலியோதோரோவும் வந்தார்.
பட்டியலில் விரலை ஓட்டினார், மேலும் கீழும்.
"அந்தச் சும்மா எங்கே?"
வேலைக்குப் போய்விட்டது.

மூன்றாவது வட்டுக்கான விண்ணப்பம்
இன்னும் எவர் மேசையிலோ.
இந்தத் தடவை இருபத்தாறுதான் ஒதுக்க முடிந்தது.
பெயரை அவரே தட்டினார்,
இரண்டு விரலால், மெதுவாக.
அதே பெயர்தான்.
ஒரு வியப்புக்குறி மட்டும் கூடுதல்.