கூட்டாகவும் தனித்தனியாகவும்

கல்முனை நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் என் கடை.
போட்டோக்கொப்பி, தட்டச்சு, லெமினேற்றிங்.
பலகையின் அடியில் நானே எழுதியது:
இங்கு இருப்பவர் சட்டத்தரணி அல்ல.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபா.
சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் காசில்லை.

தவணை என்றால் என்ன என்று
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
பிள்ளைக்குப் பள்ளியில் மூன்று தவணை,
லீசிங்காரனுக்கு மாதம் ஒரு தவணை,
எதிரே பெயர் கூப்பிட்டு
அடுத்த திகதி சொல்வதும் தவணை.
காத்திரு, வரும்போது காசோடு வா.
வேறென்ன.

தள்ளுபடி என்றதும் ஒருமுறை
ஆதம்பாவா காக்கா வாய்நிறையச் சிரித்தார்.
வழக்குத் தள்ளுபடியாம், எத்தனை வீதம் என்றார்.
பஸாரில் புடைவைக் கடைப் பதாகை
நாலு நாளாய் அவர் கண்ணில் இருந்திருக்கிறது.
வழக்குப் போட்டதே அவர்தான்.
சொன்னேன்.
குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.
வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

விளக்கமறியலில் விளக்கம் எங்கே என்று
ஒரு தாய் கேட்டாள்.
குற்றவாளி என்று இன்னும் தீரவில்லை,
விசாரணைக்காக உள்ளே வைப்பது என்றேன்.
"தீராதவனுக்கு எதுக்கு மறியல்?"
நான் மை முடிந்த ரோனரை
வெகுநேரம் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

கோபாலினி வந்தது ஒரு புதன்கிழமை.
பாண்டிருப்பு. பேக்கரிப் பைக்குள்
சுருட்டி வைத்த அழைப்பாணை.
"கடன் எடுத்தது நானில்லகா. லோகராணி.
நான் ஒப்பம் மட்டும் வெச்சன்."

ஒப்பம் மட்டும்.
இந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால்
என் விரல் விசையிலேயே நின்றுவிடும்.

மூன்றாம் பக்கம், ஆறாவது வாசகம்:
கடன் பெறுநரும் பிணையாளிகளும்
கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்புடையவர்களாவர்.

வாசித்தேன். தலையாட்டினாள்.
"கூட்டாத்தானே? ஆறு பேர். ஆறாப் பிரிச்சா
எனக்கு முப்பத்தஞ்சாயிரம்.
தோட்டை வெச்சாலும் குடுத்திரலாம்."

அப்படியில்லை என்று சொல்ல
மெதுவான சொல் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.
ஆறு பேர் தோளில் ஒரு தோணி, பிள்ளை.
ஐந்து பேர் விலகிப் போனாலும்
தோணி உன் தோளை விட்டு இறங்காது.
முழுவதையும் உன் ஒருத்தியிடமே கேட்கலாம்.
கட்டிவிட்டு நீ மற்றவர்களிடம் போய்க் கேள்.
அது உன் பாடு.

"அப்ப கூட்டாக எண்டு ஏன் போட்டவங்க?"

ஆயிரம் தரம் தட்டியிருப்பேன் அந்தத் தொடரை.
ஒருநாளும் கேட்டதில்லை.
இரண்டு 'உம்' இருக்கிறது அதில்.
முதலாவதில் ஆறு பேரும் ஒரே ஓட்டோவில்
நெருக்கிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.
இரண்டாவதில் லோகராணி குவைத்தில்.
இருவரின் நம்பர் மாறிவிட்டது.
ஒருத்தி சந்தைக்குள் கண்டால்
மீன் பார்ப்பதுபோல் குனிந்துகொள்கிறாள்.

கோபாலினி தாளைத் திருப்பி வாங்கினாள்.
"விளங்கிட்டுகா. தீமிதிப்பு மாதிரி.
மஞ்சள் கட்டுறது கூட்டா.
குழியில இறங்குறது தனித்தனியா."

பதினான்கு வருடம் இந்தக் கதிரையில்.
இதைவிட நன்றாக நான் சொன்னதேயில்லை.

"மறுகா?"
மறுகா, மறுமொழி போட வேண்டும்.
உன் பக்கத்து நியாயத்தை எழுத்தில்.
பேசாமல் இருந்தால்
நீ இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.
சட்டத்தரணி ஒருவரைப் பார்.
காசு இல்லையென்றால்
சட்ட உதவிக்கு ஒரு கந்தோர் இருக்கிறது, கேட்டுப் பார்.
சொல்லச் சொல்ல
உள்ளங்கையில் பேனையால் எழுதினாள்.

அவள் போன பிறகு கண்டேன்:
மெஷினின் கண்ணாடியில் முகங்குப்புற
அவளுடைய அடையாள அட்டை.
றோட்டைக் கடந்து ஓடினேன்.
வாசலில் காவலர் மறித்தார்.
"வழக்காளியா, எதிராளியா?"

எனக்குப் பொருந்தும் சொல் எதுவும்
அந்த வாசலில் இல்லை.
அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
கோபாலினி என்று கத்தினேன்.

விறாந்தை நிறையப் பெண்கள்.
திரும்பியது ஒருத்தி.