பத்தாக்கா

முதலில் குப்பூஸ் நின்றது.
அப்புறம் சோறு.
நோன்பு கழிந்த வாரம்
ரோலாவில் வாங்கிய கஞ்சிகூட
நெஞ்சுக்குழி வரை வந்து
முன்னால் போனவன் நகரட்டும் என்று
வரிசையில் நின்றது.

கண்ணாடிக்குப் பின்னிருந்து
'குலான்சி' என்று கூப்பிடுகிறார்கள்.
கொளஞ்சி என்று திருத்துவதில்லை நான்,
ஷார்ஜாவில் பதினெட்டு வருஷமாய்.
எழுந்து போகிறேன்.

மார்பில் மூன்று மைப்புள்ளி.
சிவப்புக் கோடு அவற்றில் வந்து உட்கார்ந்ததும்
மாரிசெல் விளக்கணைத்து வெளியே ஓடுகிறாள்.
இருபத்தெட்டில் இன்று பதினொன்று.

திங்கள்தோறும் கீமோ.
மூன்று வாரத்துக்கொருமுறை அந்தப் புது மருந்து:
நிறமில்லை, முப்பது நிமிஷம்.
விலையை மட்டும் நர்ஸ் ஷைனி
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.
இன்சூரன்ஸ் பாதி.
மீதிக்கு மொக்லேஸ் கேம்ப் முழுக்க
பெயிண்ட் பக்கெட் ஏந்தினான்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார்.
உடம்புக்குள்ளும் செக்பாயிண்ட் உண்டு.
இந்தக் கட்டி அங்கே ஓர் அட்டையை நீட்டுகிறது:
நான் இந்த வீட்டு ஆள்.
காவலன் சலாம் வைத்து விட்டுவிடுகிறான்.
மருந்து அட்டையை மறைக்கும்.
கதிர் கதவை உடைக்கும்,
கீமோ கட்டிலைப் புரட்டும்.
ஒளிந்தவன் துணிமணி தெருவில் சிதறினால்
காவலனுக்கு வாடை பிடிபடலாம்.
பிடிபடாமலும் போகலாம்.
ஸ்கேன் எடுக்காமல் சொல்ல முடியாது.
புரிகிறதா?

எனக்கா புரியாது?

அர்பாப் பாஸ்போர்ட்டோடு காணாமல் போன வருஷம்
இண்டஸ்ட்ரியல் பத்தில், டயர் குடோன் பரணில்
இரண்டு கோடை கல்லிவல்லியாய்க் கிடந்தவன்.
இருமல் வந்தால் தலையணையைக் கடித்தவன்.
இன்னொருவன் பத்தாக்காவுக்கு ஏற்ப மீசை வளர்த்து
மூன்று சோதனை தாண்டியவன்.
ரெய்டு வந்த இரவு
காகிதமெல்லாம் சரியாயிருந்த சமையல்காரனை
அள்ளிக்கொண்டு போனார்கள்.
நான் பரணில்.

அதனால் கேட்டேன்:
தப்பான ஆளைப் பிடிக்குமா, இந்த மருந்து?
பிடிக்கும் என்றார்.
தைராய்டை. தோலை. சிலருக்கு நுரையீரலை.
இருமல் வந்தால் மறைக்காதே,
அன்றைக்கே போன் செய்.

எனக்குப் பொது மன்னிப்பு வந்தது ஒரு வருஷம்.
விரல் ரேகை வைத்து, வெயிலில் நின்று வாங்கினேன்.
இதற்குக் கிடையாது.
ஆனாலும் சில ராத்திரி
மார்புக்குள் அது மூச்சடக்கிக் கிடப்பது
எனக்குக் கேட்கிறது.
பாவமாய் இருக்கிறது, சனியன்.
விடிந்ததும் போய்
காட்டிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

வியாழன் இரவு, ஊசி முடிந்து திரும்புகையில்
அஜ்மான் சாலையில் டாக்ஸியை நிறுத்தினார்கள்.
அட்டையில் எண்பத்தோரு கிலோ முகம்,
நெற்றி மறைக்க முடி.
டார்ச் என்மேல் வந்தது.
அட்டைக்குத் திரும்பியது.
மறுபடி வந்தது.
இது நீயா?

உள்ளங்கை வேர்க்கவில்லை.
கண்ணைச் சுருக்காமல்
முகத்தை வெளிச்சத்துக்குள் நீட்டினேன்.
நல்லாப் பாருங்க சார்,
அவசரமில்லை.